இடைவெளி விழுந்த எலும்பு: வாசகர் கேள்வி – பதில்

சிதைந்த எலும்பை நிரப்பவும் மீண்டும் வளர்க்கவும் பயன்படும் செயற்கைப் பொருள்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வெளியானது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பகுதி, இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய வட ஆற்காட்டிலிருந்து வந்தவை. வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் மருத்துவப் பேச்சு கொஞ்சம் கூடுதலாகவே நடக்கும் போலும். நோய் பற்றிய கடிதங்களுக்கு இந்தக் கேள்வி – பதில் பகுதியில் பெயர் போடுவதில்லை; ஊர் மட்டும் போதும்.

குடியாத்தம் வாசகி: என் தம்பி பள்ளிகொண்டா அருகே பைக்கிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கெட்டுப்போன எலும்பை எடுத்ததில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி. அதில் சிமெண்ட் வைத்து, வெளியே கம்பி பூட்டியிருக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து அந்தச் சிமெண்டை எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைப்பார்களாம். எடுக்கப்போகிற சிமெண்டை எதற்கு வைக்க வேண்டும்? செயற்கை எலும்பு இத்தனை வந்த பிறகும் இடுப்பை ஏன் அறுக்க வேண்டும்?

பதில்: உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் இரத்த ஓட்டத்தில்தான் விடை இருக்கிறது. சாதாரண முறிவில் முறிந்த இடத்தில் இரத்தம் கட்டி, அதற்குள் புதிய நுண்குழாய்கள் புகுந்து, முதலில் மெத்தென்ற குருத்துத் திசுவும் பிறகு கெட்டியான எலும்பும் உருவாகி, மாதக்கணக்கில் உடல் அதைச் செதுக்கிச் சீர்செய்கிறது. முனைகள் அருகருகே அசையாமல் இருந்தால் பெரும்பாலும் இது தானாகவே நடந்துவிடும். ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் நடக்காது. எலும்பு இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர்வதற்கு முன் தழும்புத் திசு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அங்கே ஒரு பெரிய செயற்கைத் துண்டைப் பொருத்திவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் உயிருள்ள ஒரு செல், இரத்த நுண்குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கு தூரத்துக்குள் இருந்தால்தான் பிழைக்கும். ஆகவே பெரிய துண்டின் ஓரங்களில் எலும்பு படர்ந்தாலும் நடுப்பகுதி உயிரற்ற பொருளாகவே நின்றுவிடக்கூடும். தோலைக் கிழித்த முறிவு என்பதால் கிருமி நுழைந்திருக்கும் அபாயமும் உண்டு. இரத்தம் எட்டாத இடத்தில் கிருமி தங்கினால் மருந்தும் அதை எட்டாது. இந்த நிலையில் முதல் நாளே செயற்கை எலும்பை வைத்து மூடாமல் விட்ட மருத்துவர் சரியாகவே செய்திருக்கிறார் என்பது என் கருத்து.

வைத்திருக்கும் சிமெண்டுக்கும் வீடு கட்டும் சிமெண்டுக்கும் சம்பந்தமில்லை. அது பாலிமெதில் மெதாக்ரிலேட் என்னும் பிளாஸ்டிக். பொய்ப்பல் செட்டின் ஈறு நிறப் பகுதியும் அதே வகைப் பொருளால் ஆனதுதான். பொடியையும் திரவத்தையும் குழைத்தால் சில நிமிடங்களில் சூடேறி இறுகிவிடும். பெரும்பாலும் கிருமிக்கொல்லி மருந்தைப் பொடியிலேயே கலந்து வைப்பார்கள். அது மெல்லக் கசிந்து சுற்றியுள்ள இடத்தைக் காக்கும். இந்த முறையை 1980களில் வகுத்தவர் மாஸ்கலே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர். இடத்தை அடைத்து வைப்பதற்காக அவர் வைத்த சிமெண்டைச் சுற்றி, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் உடல் தானாக ஒரு மெல்லிய சவ்வை நெய்திருந்தது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனே உள்ள அந்தச் சவ்வில் இரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கும்; எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களும் அதிலிருந்து சுரக்கும். இரண்டாவது அறுவையில் அந்தச் சவ்வைக் கவனமாகக் கீறி, சிமெண்டை உடைத்து எடுத்துவிட்டு, காலியான உறைக்குள் எலும்புத் துகள்களை நிரப்பி மூடித் தைத்துவிடுவார்கள். சிமெண்டை வைப்பது இந்தச் சவ்வுக்காகத்தான்.

இனி, இடுப்பு எலும்பு. பந்தல் போட்டால் கொடி படரும், பந்தலே கொடியாகிவிடாது. கடைகளில் கிடைக்கும் செயற்கை எலும்புப் பொருள்களில் பெரும்பாலானவை பந்தல் வேலையை மட்டுமே செய்பவை. இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து சுரண்டி எடுக்கும் பஞ்சு போன்ற எலும்பிலோ எலும்பை உண்டாக்கும் உயிருள்ள செல்களும் அவற்றை அழைக்கும் புரதங்களும் சட்டகமும் ஒன்றாகவே இருக்கின்றன. சொந்த உடலிலிருந்து வருவதால் உடல் அதை ஒதுக்குவதுமில்லை. எடுத்த எலும்பு போதாவிட்டால் செயற்கைத் துகள்களைக் கொஞ்சம் கலந்துகொள்வதுண்டு. இதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன்: எடுத்த இடத்தில் வலி சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும், தொடையின் வெளிப்புறத்தில் மரத்துப்போன உணர்வு சிலருக்கு ஏற்படும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் தம்பி பயப்பட மாட்டார்.

இதற்கு மாற்றாக, ரஷ்யாவின் குர்கான் நகரில் இலிசரோவ் 1950களில் உருவாக்கிய வளைய முறையும் இருக்கிறது. நல்ல எலும்பை ஓரிடத்தில் வெட்டி, அந்தத் துண்டை நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம், அதையும் நான்கு தவணையாகப் பிரித்து, இடைவெளியை நோக்கி நகர்த்துவார்கள். பின்னால் விடும் இடத்தில் புது எலும்பு தானாக வளரும். ஐந்து சென்டிமீட்டர் நகர்த்தவே ஐம்பது நாள் ஆகும். வளர்ந்தது இறுக அதைவிடக் கூடுதலான காலம் வேண்டும். எந்த முறை பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவர்தான் காயத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தம்பி பீடியோ சிகரெட்டோ குடிப்பவராக இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். நிகோடின் நுண்குழாய்களைச் சுருக்கும். புகைப்பவர்களுக்கு எலும்பு கூடத் தாமதமாகிறது, சிலருக்குக் கூடாமலே போகிறது. பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த ஊருக்கு இதை எழுதுவது எனக்கும் சங்கடம்தான். ஆனாலும் அவருக்கு வைக்கப்போகும் எந்தப் பொருளையும்விட இந்த ஒன்றின் விளைவு பெரிது.

ஆம்பூர் வாசகர்: நான் தோல் தொழிற்சாலையில் முப்பது ஆண்டாக வேலை பார்க்கிறேன். எலும்பு வளர வைக்கும் கொலாஜன் பஞ்சு மாட்டிலிருந்து எடுக்கப்படுவது என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் பதனிடும் தோலும் கொலாஜன்தான் என்று கெமிஸ்ட் சொல்வார். இரண்டும் ஒன்றா?

பதில்: ஒன்றேதான். முதல் வகைக் கொலாஜன் என்பது மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட புரதம். சுண்ணாம்பு ஊறலில் முடியும் மேல்தோலும் போன பிறகு உங்கள் கையில் மிஞ்சும் வெள்ளைத் தோலின் பெரும்பகுதி இதுதான்; நம் எலும்புக்குள் இருக்கும் புரதத்தில் பெரும்பங்கும் இதுவேதான். எலும்பில் மட்டும் அந்த இழைகளின் இடுக்குகளில் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் உட்கார்ந்திருக்கின்றன. வீட்டிலேயே பார்க்கலாம்: சுத்தம் செய்த கோழிக் கால் எலும்பை ஒரு பாட்டில் வினிகரில் போட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றி வந்தால், தாது கரைந்து, எலும்பின் வடிவம் மாறாமல் ரப்பர் போல வளையும் ஒன்று மிஞ்சும். அதுதான் கொலாஜன். மாறாக எலும்பை நெருப்பில் சுட்டால் கொலாஜன் எரிந்துபோய், தொட்டால் நொறுங்கும் வெள்ளைத் தாது மட்டும் நிற்கும். வளைந்து கொடுப்பதற்கு ஒன்று, பாரம் தாங்குவதற்கு மற்றொன்று என்று இரண்டையும் சேர்த்து நெய்ததனால்தான் எலும்பு எலும்பாக இருக்கிறது. இந்த நெசவை ஆய்வகத்தில் அப்படியே செய்து காட்ட இன்னும் யாராலும் முடியவில்லை.

வேறுபாடு பதனிடும் நோக்கத்தில் இருக்கிறது. நீங்கள் குரோம் போட்டு இழைகளுக்கிடையே பிணைப்பு உண்டாக்குவது, தோல் ஆண்டுக்கணக்கில் அழுகாமல் இருப்பதற்காக. மருத்துவப் பஞ்சோ குறித்த காலத்துக்குள் உடலுக்குள் கரைந்து போய்விட வேண்டும். ஆகவே குரோம் இல்லாமல், வேறு முறைகளில் அளவாகத்தான் பிணைப்பார்கள். பிணைப்பு குறைந்தால் எலும்பு வருமுன் பஞ்சு கரைந்துவிடும், கூடினால் கரையாமல் நின்று வழிமறிக்கும். உடலின் எதிர்ப்பைத் தூண்டக்கூடிய இழைநுனிகளை நொதி கொண்டு நறுக்குவதும், நோயற்ற மந்தையிலிருந்துதான் வந்தது என்பதற்குப் பதிவேடு வைப்பதும் இதில் கட்டாயமான வேலைகள். சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் காலணித் தோலோடு நிற்காமல் மருத்துவக் கொலாஜனிலும் ஆய்வு செய்துவருகிறது. உங்கள் தொழிலின் வேதியியல்தான் அங்கே பேசப்படும் வேதியியலும்.

வாணியம்பாடி வாசகர்: பல் இம்பிளான்ட் வைப்பதற்கு முன் தாடையில் ‘போன் பவுடர்’ வைக்க வேண்டும் என்கிறார் பல் மருத்துவர். அந்தப் பொடி எலும்பாக மாறிவிடுமா? எந்தப் பிராணியின் எலும்பு என்று கேட்பது தவறாகுமா?

பதில்: கேட்பதில் தவறே இல்லை, கேட்டே ஆக வேண்டும். புழக்கத்தில் உள்ள பொடிகள் நான்கு வகை: உங்கள் உடலிலிருந்தே எடுத்தது, மனிதர் தானமாகத் தந்து எலும்பு வங்கியில் பதப்படுத்தியது, மாடு முதலியவற்றின் எலும்பிலிருந்து உயிர்ப்பொருள் முழுவதையும் நீக்கித் தாதுவை மட்டும் எடுத்தது, ஆய்வகத்தில் வேதிப்பொருளாகவே தயாரித்தது. பொடிக்கு மேல் போர்த்தும் சவ்வைப் பற்றியும் மறக்காமல் கேளுங்கள். எலும்பைவிட ஈறு வேகமாக வளர்ந்து உள்ளே நுழைந்துவிடும் என்பதால் அதைத் தடுக்க வைக்கும் மறைப்பு அது. பல சவ்வுகள் பன்றியின் கொலாஜனிலிருந்து செய்யப்படுகின்றன. மார்க்கத்தின் காரணமாகவோ சைவம் என்பதாலோ வேண்டாம் என்றால், முழுக்கச் செயற்கையான வகையைக் கேட்டு வாங்கலாம். பொட்டலத்தின் ஸ்டிக்கரில் மூலப்பொருளும் தொகுதி எண்ணும் இருக்கும். அதை உங்கள் கோப்பில் ஒட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

பொடி எலும்பாக மாறுவதில்லை. அதன் மேலும் இடையிலும் உங்கள் எலும்பு வளர்கிறது. பொடி அதன் வகைக்கேற்ப இடம் விட்டுக் கொடுக்கிறது. ஆய்வகத்தில் தயாரிக்கும் டிரை கால்சியம் பாஸ்பேட் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக்குள் கரையும். எலும்பின் தாதுவை ஒத்த ஹைட்ராக்ஸி அபடைட்டும் மாட்டெலும்புத் தாதுவும் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். கரைவது நல்லது, கரையாதது கெட்டது என்று இதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. தாடையின் உருவம் குறுகிவிடாமல் காக்க, மெல்லக் கரைவதையே சில மருத்துவர்கள் விரும்புகிறார்கள். இம்பிளான்ட் வைக்க நான்கு முதல் ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னால் அவசரப்படுத்தாதீர்கள்.

போளூர் வாசகர்: எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்குத்தான் போகிறார்கள். பிரண்டையும் சாப்பிடுகிறார்கள். எலும்புக்குப் பதிலாக வைப்பதாக நீங்கள் எழுதும் கண்ணாடி, பீங்கான் எல்லாம் இதைவிட உயர்ந்ததா?

பதில்: ஒப்பிடும் இடமே வேறு. நகராத, தோல் கிழியாத முறிவை அசையாமல் வைத்திருந்தால் எலும்பு தானே கூடும். மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளைக்கருவில் தோய்த்த துணியும் அந்த வேலையை ஓரளவு செய்கின்றன, அதனால்தான் அந்தக் கட்டுக்குப் பெயர் நிலைத்திருக்கிறது. எனக்குக் கவலை தருபவை மற்ற முறிவுகள். தோல் கிழிந்த முறிவு, மூட்டுக்குள் போன முறிவு, சிறுவர்களின் முழங்கைக்கு மேல் வரும் முறிவு ஆகியவற்றை எக்ஸ்ரே இல்லாமல் இறுகக் கட்டினால், வீக்கம் உள்ளேயே நெரித்து, ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் தசை மீளாத அளவுக்குச் சேதமாகிவிடலாம். கட்டியபின் விரல்கள் நீலம் பாரித்தால், மரத்துப்போனால், விரலை நீட்டும்போது தாங்க முடியாத வலி வந்தால், யார் கட்டிய கட்டாக இருந்தாலும் அந்த நிமிடமே தளர்த்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மாவுக்கட்டுக்கும் இந்த விதி உண்டு.

பிரண்டையில் எலும்பு கூடுவதற்கு உதவும் குணம் இருப்பதாக விலங்குகளில் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. துவையலாகச் சாப்பிடுங்கள், நாவில் அரிக்காமல் இருக்கப் புளி சேர்த்து வதக்குங்கள். ஆனால் எலும்புத் துண்டே காணாமல் போன இடைவெளியை எந்தத் துவையலும் மூடாது.

காட்பாடி மாணவி: பயோடெக்னாலஜி படிக்கிறேன். இந்தத் துறை எங்கே தொடங்கியது? அச்சிட்ட எலும்பும் ஸ்டெம் செல்லும் வந்துவிட்டால் இடுப்பு எலும்பு எடுப்பது நின்றுவிடுமா?

பதில்: ஜெர்மனியில் டிரீஸ்மன் என்பவர் 1892இல் எலும்புக் குழிகளை, மாவுக்கட்டுக்குப் பயன்படும் பாரிஸ் சாந்தால் நிரப்பியதாக எழுதியதை ஒரு தொடக்கமாகக் கொள்ளலாம். நீண்ட காலம், உடல் எதையும் செய்யாமல் சும்மா விட்டுவிடும் பொருளே நல்ல பொருள் என்று கருதப்பட்டது. அந்த எண்ணத்தை மாற்றியவர் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் இருந்த லாரி ஹென்ச். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஓர் இராணுவ அதிகாரி, காயம்பட்டவர்களின் உடல் ஒதுக்காத பொருள் ஒன்றைச் செய்ய முடியுமா என்று 1967இல் ஒரு பேருந்துப் பயணத்தில் அவரிடம் கேட்டார். 1969இல் சிலிக்கா, சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் ஆக்சைடுகள் சேர்ந்த ஒரு கண்ணாடி உருவானது. எலிகளின் தொடையெலும்பில் அதை வைத்துவிட்டுப் பிறகு எடுக்கப் பார்த்தபோது, எலும்பிலிருந்து அதைப் பெயர்க்கவே முடியவில்லை. உடல் நீர் பட்டதும் கண்ணாடியின் மேற்பரப்பு மெல்லக் கரைந்து, அதன் மேல் எலும்பின் தாதுவை ஒத்த படலம் ஒன்று படிந்து, எலும்பு அதனுடன் நேரடியாகப் பிணைந்துவிட்டது. அதே கண்ணாடிப் பொடி இன்று பல் கூச்சத்துக்கான சில பற்பசைகளிலும் இருக்கிறது.

இன்னொரு கிளை அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் தொடங்கியது. தாது நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால், எலும்பே இருக்கக் கூடாத அந்த இடத்திலும் எலும்பு முளைக்கிறது என்று 1965இல் அவர் காட்டினார். அதற்குக் காரணமான புரதங்கள் பிறகு பிரித்தறியப்பட்டன. அவற்றில் பிஎம்பி-2 என்பதைக் கொலாஜன் பஞ்சில் நனைத்து முதுகெலும்பு அறுவையில் வைக்க 2002இல் அமெரிக்கா அனுமதி தந்தது. நீங்கள் மாணவி என்பதால் அடுத்து நடந்ததை அழுத்தியே சொல்கிறேன். இயற்கையில் இருப்பதைவிடப் பன்மடங்கு அதிக அளவில் அந்தப் புரதத்தை வைத்தார்கள். கழுத்து அறுவைகளில் உயிருக்கே ஆபத்தான வீக்கம் வந்ததாக 2008இல் எச்சரிக்கை வெளியானது. வேண்டாத இடங்களில் எலும்பு வளர்ந்தது. உற்பத்தி நிறுவனத்தின் ஆதரவோடு நடந்த தொடக்க ஆய்வுகள் பக்கவிளைவுகளைக் குறைத்துக் காட்டியதாக 2011இல் முதுகெலும்பு மருத்துவ இதழ் ஒன்று கடுமையாக விமர்சித்தது. எலும்பை வளர்க்கும் சமிக்ஞை கிடைத்துவிட்டது. அதை எங்கே, எவ்வளவு, எத்தனை நாள் என்று கட்டுப்படுத்துவதுதான் கிடைக்கவில்லை. சட்டகத்தின் துளைகள் எத்தனை மைக்ரான் இருக்க வேண்டும், புரதத்தை எவ்வாறு மெல்ல மெல்ல விடுவது என்று இன்று நடக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டுப்பாட்டைத் தேடுபவைதான்.

முப்பரிமாண அச்சில் நோயாளியின் சிடி ஸ்கேனுக்குத் துல்லியமாகப் பொருந்தும் சட்டகத்தைச் செய்ய முடிகிறது. மண்டையோடு, தாடை போன்ற, பாரம் அதிகம் தாங்காத இடங்களில் இது பயன் தருகிறது. நடக்கும் காலுக்கு, குடியாத்தம் வாசகிக்குச் சொன்ன இரத்தக் குழாய்ச் சிக்கல்தான் இன்னமும் தடை. துளைகளைப் பெரிதாக்கினால் குழாய்கள் நுழையும், ஆனால் வலு குறையும். பல வகைச் செல்களாக மாற வல்ல ஸ்டெம் செல்லைப் பொறுத்தவரை, உங்கள் ஊருக்கு அருகே பாகாயத்திலேயே ஸ்டெம் செல் ஆய்வு மையம் இருக்கிறது. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் எலும்புக்கான பீங்கான் பொருள்களில் நெடுநாளாக உழைத்துவருகிறது. படிப்பு முடிந்தபின் இவ்விரண்டையும் மனத்தில் வையுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, இரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகள் முறையாகப் பதிவுசெய்த ஆய்வாக மட்டுமே நடக்கலாம். எலும்புக்கு ஸ்டெம் செல் ஊசி என்று பணம் கேட்கும் இடத்தை உறவினர் யாராவது உங்களிடம் விசாரித்தால், போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: கையில் வைத்த டைட்டானியம் பிளேட்டை எடுத்தே தீர வேண்டுமா? தானாகக் கரையும் உலோகம் இருக்கிறதாமே?

பதில்: உறுத்தல், கிருமி, மூட்டு அசைவில் தடை ஆகியவை இல்லையென்றால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் எடுக்க வேண்டியதில்லை. கரையும் உலோகம் மெக்னீசியம். சிறு திருகாணிகளாகச் சில நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது. கரையும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துவது பெரிய வேலை.

சோளிங்கர் வாசகர்: சர்க்கரை நோயாளியான என் தந்தையின் குதிகால் எலும்பில் சீழ் வைத்து, அறுவை செய்து, மருந்து கலந்த வெள்ளை மணிகளை உள்ளே வைத்தார்கள். ஆறு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் மணிகளைக் காணவில்லை. காயத்திலிருந்து வெள்ளை நீர் வேறு வடிகிறது. மணிகள் வெளியே போய்விட்டனவா?

பதில்: போகவில்லை, கரைந்துவிட்டன. அவை கால்சியம் சல்பேட் மணிகள். மேலே காட்பாடி மாணவிக்குச் சொன்ன பாரிஸ் சாந்தின் தூய்மையான வடிவம். கலந்த கிருமிக்கொல்லியைச் சில வாரங்கள் அந்த இடத்திலேயே, ஊசியால் எட்ட முடியாத அடர்த்தியில் விட்டுவிட்டு, மாதக்கணக்கு ஆவதற்குள் கரைந்து மறைவதுதான் அவற்றின் வேலை. எக்ஸ்ரேயில் மணி தெரியாததைக் கண்டு அஞ்ச வேண்டாம். அந்த இடத்தில் எலும்பு வந்ததா என்பதை அடுத்தடுத்த படங்களில் மருத்துவர் பார்ப்பார்.

மணி கரையும்போது வாடையில்லாத, பால் கலந்தது போன்ற நீர் சில வாரங்கள் வடிவது தெரிந்த விளைவுதான். கட்டை உலர்வாக மாற்றிவந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் நீர் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், நாற்றமடித்தால், காயத்தைச் சுற்றிச் சிவந்து சூடேறினால், காய்ச்சல் வந்தால், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே அழைத்துப் போங்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்வு குறைந்தவருக்கு வலி தெரியாது. ஆகையால் வலியில்லை என்று அவர் சொல்வதை நம்பி இருந்துவிடாமல், தினமும் கட்டு மாற்றும்போது வீட்டில் ஒருவர் காயத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். மருத்துவர் சொல்லும் வரை அந்தக் குதிகாலைத் தரையில் ஊன்றவும் விடாதீர்கள்.